பட்டத்துக்கான ஆய்வை மடுவத்தில் தொடங்குங்கள்

கேள்வி



அக்கரப்பத்தனைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் உதவி முகாமையாளராக இருக்கிறேன். அம்மா இதே மலையில் கொழுந்து எடுத்தவர். வேலையில் இருப்பவர்களுக்கான வணிக நிர்வாக முதுமாணிப் படிப்பை வார இறுதிகளில் கொழும்புக்குப் போய்ப் படிக்கிறேன். பாடங்கள் முடிந்துவிட்டன. வேலைத்தளச் செயற்றிட்டம் மட்டுமே மிச்சம். வேலை செய்யும் இடத்தில் ஒரு பிரச்சினையை எடுத்து, காரணம் கண்டு, தீர்வைச் செய்து பார்த்து அறிக்கை தர வேண்டும்.

என் மேற்பார்வை விரிவுரையாளர் ‘பெருந்தோட்டத் தொழிலாளரின் ஊக்கமும் உற்பத்தித்திறனும்’ என்று தலைப்பு வைத்து, இருநூறு பேருக்கு வினாக்கொத்து கொடுக்கச் சொல்கிறார். எங்கள் முகாமையாளரான பெரிய துரையோ, ‘படிப்புக்கு என்ன வேண்டுமானாலும் செய், ஆனால் தோட்டத்துக்குள் தொழிற்சங்கப் பிரச்சினை எதையும் கொண்டுவந்துவிடாதே’ என்கிறார். எனக்கு வேறு ஆசை. எடுத்த கொழுந்து, அதை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சாக்கோடு கிடந்து சூடேறிச் சிவந்துபோவதைத் தினமும் பார்க்கிறேன். அதைத்தான் ஆராய விரும்புகிறேன். இது ஒரு முதுமாணிப் பட்டத்துக்குப் போதுமான விஷயமா? என் கீழ் வேலை செய்கிறவர்களையே நான் ஆராயலாமா? அவர்களில் பலர் எனக்கு அத்தை, சித்தி முறை. செய்து பார்க்கும் தீர்வு பலிக்காவிட்டால் சித்தியடைய முடியுமா?

— உதவி முகாமையாளர், அக்கரப்பத்தனை

பதில்

தம்பி, மடுவத்தையே எடுங்கள். அந்த விஷயம் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். அதை முழுமையாகச் செய்து முடிப்பதுதான் கடினம். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், எந்த ஆய்வுக்கு வேலைத்தளச் செயற்றிட்டம் என்ற பெயர் பொருந்தும் என்பதில் தெளிவாக இருப்போம். அது முடியும்போது வேலைத்தளத்தில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் சுமக்கப்போகிறவர்கள் அதைக் கண்டுபிடிப்பதிலும் பங்கெடுத்திருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாவிட்டால் எத்தனை பக்கம் எழுதினாலும் அது இன்னொரு பரீட்சைத் தாள்தான்.

வேலை செய்துகொண்டே படிக்கும் முகாமையாளர்களுக்கென்று சிக்காகோ பல்கலைக்கழகம் 1943-இல் தனி வகுப்பு தொடங்கியது. அதே காலத்தில் பிரித்தானியாவில் ரெக் ரெவன்ஸ் என்பவர் நிலக்கரிச் சுரங்க முகாமையாளர்களின் கல்விக்குப் பொறுப்பாக இருந்தார். நிபுணர்களை அழைத்து விரிவுரை வைப்பதோடு அவர் நிற்கவில்லை. முகாமையாளர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, தத்தம் சுரங்கத்தில் தீராமல் கிடக்கும் பிரச்சினையை முன்வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் செய்தார். புத்தக அறிவும் நேர்மையான கேள்வியும் சேரும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்பது அவர் முடிவு. இன்றைய முதுமாணிப் படிப்புகளில் உள்ள வேலைத்தளச் செயற்றிட்டங்கள் பலவற்றில் இந்த வழியின் சாயலைக் காணலாம்.

உங்கள் சக மாணவர்கள் வங்கியிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வைத்தியசாலையிலும் வேலை செய்வார்கள். ரெவன்ஸின் குழுக்களைப் போல, அவர்களில் நான்கைந்து பேரைச் சேர்த்து மாதம் ஒருமுறை பேசுங்கள். தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், ‘கொழுந்து ஏன் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?’ என்று கேட்பார். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி தோன்றுவது அபூர்வம்.

இது போதுமான விஷயமா?

கணக்கில் பார்ப்போம். எண்களை உதாரணத்துக்கு வைத்துக்கொள்கிறேன், உங்கள் தோட்டத்து எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 4,000 கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகிறது. நூறு கிலோ கொழுந்துக்கு 22 கிலோ தேயிலை என்றால் அது 880 கிலோ. வந்த கொழுந்தில் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடேறிச் சிதைந்தது என்றும், அதிலிருந்து வரும் 88 கிலோ தேயிலை கொழும்பு ஏலத்தில் கிலோவுக்கு 300 ரூபாய் குறைவாகப் போகிறது என்றும் கொள்வோம். ஒரு நாள் இழப்பு 26,400 ரூபாய். மாதத்தில் 24 நாள் கொழுந்து எடுத்தால் 6,33,600 ரூபாய். நல்ல கொழுந்தோடு கெட்டது கலப்பதால் முழுத் தொகுதியின் விலையும் இறங்குவதை இதில் சேர்க்கவே இல்லை.

இந்த இழப்பு எப்படி நேர்கிறது என்பதை ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் உங்கள் டீமேக்கர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கொழுந்து பறித்த பின்னும் சுவாசிக்கிறது. அமுக்கிக் கட்டிய சாக்குக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. நசுங்கிய இலை, உருட்டுவதற்கு வெகு முன்பே, சாக்குக்குள்ளேயே சிவக்கத் தொடங்கிவிடுகிறது. வாட்டும் தொட்டியில் பரப்பும்போது பாதி வாடியும் பாதி வாடாமலும் நிற்கும். அதன் பிறகு எந்த இயந்திரத்தாலும் அதை மீட்க முடியாது. சாயம் மங்கும், சுவை தட்டையாகும். திம்புள்ளத் தேயிலையின் பெயர் நிற்பதே அதன் துலக்கமான சாயத்திலும் சுவையிலும்தான். அந்தத் திம்புள்ளையைச் சேர்ந்த அக்கரப்பத்தனை மலைக்கு இது சின்ன விஷயம் ஆகாது.

பட்டத்தின் கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஆய்வோடு கூடிய முதுமாணி 10-ஆம் மட்டம். மொத்தம் 60 கிரெடிட், அதில் ஆய்வுக்குக் குறைந்தது 15. ஆய்வில் ஒரு கிரெடிட்டுக்கு 100 மணித்தியால உழைப்பு என்றால் 1,500 மணித்தியாலம். பாடங்களால் மட்டும் முடிகிற முதுமாணி 9-ஆம் மட்டம், அதற்கு 30 கிரெடிட். உங்கள் படிப்பு எந்த மட்டம், செயற்றிட்டத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதைக் கைநூலில் பாருங்கள். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். ஆழம் வேண்டுமென்றால் விஷயம் ஒடுங்கியிருப்பதே நல்லது. ‘மலையகத் தொழிலாளர்’ என்று எடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ‘கீழ் டிவிசன் மடுவத்தில் மதிய நிறுவை’ என்று எடுத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

விரிவுரையாளரின் தலைப்பை என்ன செய்வது?

அவரோடு மோத வேண்டாம். அவர் கேட்பது ஊக்கத்தையும் உற்பத்தித்திறனையும். மடுவத்தில் அவை இரண்டும் இருக்கின்றன.

மதிய நிறுவை நேரத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். மேட்டு மலையிலிருந்து ஒரு அம்மா சாக்கைத் தலையில் சுமந்து வழுக்குப் பாதையில் இறங்கி வருகிறார். சாக்கின் வாய் கட்ட முடியாத அளவுக்குத் திணிக்கப்பட்டிருக்கிறது. வரிசையில் இறக்கி வைக்கிறார். தராசு ஐயா இன்னும் அடுத்த மலையில் இருக்கிறார். கூரையில்லாத பக்கத்துச் சாக்குகளில் வெயில் விழுகிறது. நிறுத்து, எண் எழுதி, கழிவு போக மிச்சம் சொன்ன பிறகும் டிரக்டர் வரவில்லை. வந்ததும் இடம் போதவில்லை என்று சாக்கின்மேல் சாக்கு ஏற்றி, அதன்மேல் இரண்டு பையன்கள் ஏறி உட்கார்ந்து போகிறார்கள்.

இதைப் பார்க்கிற ஒரு முதுமாணி மாணவரின் பேனா தானாக எழுதுவது, ‘தொழிலாளருக்குக் கொழுந்தைக் கையாளும் பயிற்சி அளிக்க வேண்டும்’ என்ற வசனத்தைத்தான். அதை எழுதிவிடாதீர்கள். அந்த அம்மா ஏன் அமுக்கித் திணிக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். மடுவத்துக்கு ஒருமுறை கூடுதலாக இறங்கி ஏறினால் அந்த நேரத்துக்கு எடுக்கக்கூடிய கொழுந்து போச்சு. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். கொடுத்திருப்பதோ ஒரே சாக்கு. அவர் இருக்கிற விதிகளுக்குள் மிகச் சரியான கணக்கைத்தான் போட்டிருக்கிறார். நிறையை அளந்து சம்பளம் கொடுத்துவிட்டுத் தரத்தை எதிர்பார்ப்பது தோட்டத்தின் விதி. ஸ்டீவன் கெர் என்ற முகாமைத்துவ அறிஞர் 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் விஷயமே இதுதான்: நிறுவனங்கள் ஒன்றுக்கு வெகுமதி கொடுத்துவிட்டு வேறொன்றை எதிர்பார்க்கின்றன. டிரக்டர் காத்திருப்புக்கு எலியாஹு கோல்ட்ராட் 1984-இல் நாவல் வடிவில் விளக்கிய இடுக்குக் கோட்பாடு பொருந்தும்: ஒரு வேலைத்தொடரின் வேகத்தை அதன் மிக ஒடுங்கிய இடமே தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் விரிவுரையாளரிடம் கொண்டுபோங்கள். அவர் கேட்ட ஊக்கமும் அதில் இருக்கிறது, அவர் தேடும் கோட்பாடும் இருக்கிறது.

வினாக்கொத்து வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்லுங்கள். ‘என் வேலை எனக்குத் திருப்தி தருகிறது’ என்ற வரிக்கு நேரே ஐந்து கட்டம் போட்டு, சின்ன துரையான உங்கள் படிப்புக்கென்று கங்காணி மூலம் மலையில் கொடுத்தால் என்ன நடக்கும்? பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கோடு போடுவார்கள். துரைக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற கட்டத்தில் போடுவார்கள். அந்த இருநூறு தாளையும் கணினியில் ஏற்றி எவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும் வருவது பயத்தின் சராசரி. நேரம், நிறை, இலையின் நிலை ஆகிய மூன்றையும் கண்ணால் பார்த்து அளப்பது எவ்வளவோ நேர்மையானது.

எப்படி அளப்பது?

முதல் வேலையாகக் கொழுந்தோடு நடங்கள். காலை, மதியம், மாலை என மூன்று நிறுவையிலும் நிரையிலிருந்து வாட்டும் தொட்டிவரை ஒரு சாக்கைப் பின்தொடருங்கள். எப்போது நிறைந்தது, எப்போது மடுவத்துக்கு வந்தது, எப்போது நிறுத்தார்கள், எப்போது ஏற்றினார்கள், எப்போது ஸ்டோரில் பரப்பினார்கள் என்று ஐந்து நேரங்களைக் குறியுங்கள். சாக்கின் நிறையையும் எழுதுங்கள். சாதாரண வெப்பமானி ஒன்றைக் கொழுந்துக்குள் செருகி மடுவத்தில் ஒருமுறை, ஸ்டோரில் ஒருமுறை பாருங்கள். ஸ்டோரில் சாக்குகளிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து நல்லது, முற்றல், நசுங்கிச் சிவந்தது என்று பிரித்து நிறுங்கள். இதற்கு ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு சிறு தராசும் போதும்.

கொழுந்தைக் கையாளும் முறைகள் பற்றித் தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள். 1925-இல் தொடங்கிய அந்த நிறுவனம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்பில் நூலகம் நூலகமாக அலைவதற்கு முன் அங்கே ஒரு பகல் செலவிடுங்கள். அத்துருகிரியவில் இருக்கிற தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனமும் தோட்ட உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே உருவானது. அங்கேயும் விசாரியுங்கள்.

ஒப்பிடும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘மாற்றத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு’ என்று மட்டும் காட்டினால் தேயிலையில் அது நிற்காது. பெப்ரவரி, மார்ச்சில் குளிரும் வரண்ட காற்றும் சேர்ந்து மேற்கு மலையில் தரம் தானாகவே ஏறும், ஏல விலையும் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும்போது மடுவமும் ஸ்டோரும் திணறும். தென்மேற்குப் பருவ மழையில் ஈரக் கொழுந்து வரும். ஜனவரியில் அளந்துவிட்டு மார்ச்சில் மறுபடி அளந்தால் பருவம் செய்ததை நீங்கள் செய்ததாக எழுத நேரும்.

ஆகையால் ஒரே காலத்தில் இரண்டு டிவிசனை எடுங்கள். இரண்டிலும் மூன்று வாரம் எதையும் மாற்றாமல் அளங்கள். பிறகு ஒன்றில் மட்டும் மாற்றத்தைச் செய்து, இரண்டிலும் ஆறு வாரம் அளங்கள். பலன் தெரிந்தால் மற்ற டிவிசனுக்கும் கொண்டுபோய் அங்கேயும் அதேபோல நடக்கிறதா என்று பாருங்கள். மழை இரண்டுக்கும் ஒன்றுதான், சந்தையும் ஒன்றுதான். மிச்சமுள்ள வித்தியாசத்தில் உங்கள் மாற்றத்தின் பங்கைத் தேடலாம்.

பழைய பதிவேடுகளை எடுக்கும்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் நாடே நின்றது. 2021-இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் சுமார் 25 கோடியாக விழுந்தது. அதே காலத்தில் ரூபாயின் பெறுமதி சரிந்ததால் ஏல விலை ரூபாயில் எகிறியது. இந்த ஆண்டுகளை அடிப்படையாக வைத்துக் கோடு வரைந்தால் எந்தத் தோட்டமும் முன்னேறியதாகவே தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்ட வாரங்களையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

மாற்றம் சிறியதாக இருக்கட்டும். ஆளுக்கு இரண்டாவது சாக்கு ஒன்று, அதுவும் காற்றுப்புகும் வலைச்சாக்காக. மேட்டு மலைக்குக் கிட்ட இன்னொரு நிறுவை இடம். மடுவத்துக்கு நிழல். டிரக்டர் வரும் நேரத்தை நிறுவை நேரத்தோடு பொருத்துவது. இந்த நான்கில் எதை முதலில் செய்வது என்பதை நீங்கள் தனியாக முடிவுசெய்ய வேண்டாம். கொழுந்து எடுக்கிறவர்கள், கங்காணி, தராசு ஐயா, டிரக்டர் சாரதி, டீமேக்கர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து கடைசியாக எப்போது பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொழுந்து இவர்கள் எல்லாருடைய கையையும் கடந்து போகிறது. இவர்களை ஒரே இடத்தில் உட்காரவைப்பதே உங்கள் செயற்றிட்டத்தின் முக்கியமான நாளாக இருக்கும்.

உங்கள் கீழ் வேலை செய்கிறவர்களை ஆராயலாமா?

ஆராயலாம். ஆனால் ‘முடியாது’ என்று உங்களிடம் சொல்ல அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். இன்று உங்களுக்கு அதுதான் மிகக் கஷ்டமான வேலை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற, வேலை பிரிக்கிற ஒருவர் ‘விருப்பமானால் பேசுங்கள்’ என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? அத்தை, சித்தி என்ற முறை அந்தப் பயத்தைக் குறைக்காது. மறுத்தால் உறவும் போகும், வேலையும் போகும் என்று இரட்டைப் பாரமாகும். உங்களோடு மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதும் உண்மைதான். அதனாலேயே அவர்கள் சொன்னது அவர்களுக்கு எதிராகத் திரும்பாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

அவர்களின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. மலையில் யாராவது கடிகாரமும் புத்தகமுமாக நின்றால் ‘நிறையைக் கூட்டப் போறாங்க’ என்றுதான் பேச்சு எழும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது, எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவைப் பற்றிப் பல தோட்டங்களில் பிணக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று முடிவானது வரையிலும் சம்பளப் பேச்சோடு கிலோப் பேச்சும் சேர்ந்தே வந்திருக்கிறது. அந்த அச்சத்தை ஒரு நல்ல வார்த்தையால் போக்க முடியாது. எழுத்தில் போக்குங்கள்.

பெரிய துரையிடமும் கம்பனியிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் மூன்று விஷயம் இருக்கட்டும்: இந்த ஆய்வின் தரவைக் கொண்டு நாளாந்த நிறை அளவு கூட்டப்படாது. யார்மீதும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படாது. தனியாட்களின் விவரம் ஆய்வாளரைத் தவிர வேறு யாருக்கும் போகாது. அதைத் தமிழில் எழுதி மடுவத்தில் ஒட்டுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே சங்கத்தின் தோட்டத் தலைவர்மாரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். சங்கப் பிரச்சினை வரக்கூடாது என்று பெரிய துரை விரும்புகிறார் அல்லவா, அதற்கு நல்ல வழி சங்கத்துக்கு முன்கூட்டியே சொல்வதுதான்.

பேட்டிகளை நீங்களே எடுக்க வேண்டாம். உங்களோடு வேலைத் தொடர்பில்லாத ஒருவர், முடிந்தால் ஒரு பெண், லயத்திலோ கோயில் மண்டபத்திலோ வேலை முடிந்த பிறகு பேசட்டும். பேச விரும்பாதவர் யார் என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது. சம்பளப் பதிவேடான செக்ரோலில் உள்ள எண்ணை அறிக்கையில் எங்கும் போடாதீர்கள். தோட்டத்தின் பெயரை மறைத்துவிட்டு ‘மேல் டிவிசனின் மூத்த பெண் தொழிலாளி’ என்று எழுதினால் அக்கரப்பத்தனையில் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதனால் இன்னும் பொதுவாக எழுதுங்கள். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

நிறுவையில் கழிக்கிற சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு பற்றி அவர்கள் கட்டாயம் பேசுவார்கள். ‘அது என் தலைப்பில் இல்லை’ என்று ஒதுக்காதீர்கள். ஈரக் கொழுந்துக்குக் கண்மதிப்பில் கழித்தால் அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் சாக்கு இன்னும் திணிக்கப்படுகிறது. அது உங்கள் தலைப்புக்குள் இருக்கிற காரணம். வெறும் சாக்கை நிறுத்து, ஈரத்தை அளந்து, நியாயமான கழிவு எவ்வளவு என்று எண்ணால் காட்டுங்கள். குறையாக முணுமுணுக்கப்பட்டது அப்போது முகாமையாளர் பதில் சொல்ல வேண்டிய தரவாகிறது.

பெரிய துரையிடம் எப்படிப் பேசுவது?

அவர் தடுப்பது பிடிவாதத்தால் அல்ல. மாதாமாதம் கம்பனிக்கு உற்பத்திச் செலவுக் கணக்குக் கொடுக்கிறவர் அவர். அதனால் ஒரு பக்கத்தில் கணக்கோடு போங்கள். உங்கள் தோட்டத்து எண்ணில் மாத இழப்பு எவ்வளவு, மாற்றத்துக்குச் செலவு எவ்வளவு, எத்தனை மாதத்தில் திரும்பி வரும், நடுவில் ஏதாவது பிழைத்தால் எந்த நாளில் நிறுத்துவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலி என்பதால் முகாமையாளர்களின் கண் எப்போதும் கிலோவிலேயே இருக்கும். எடுத்த கொழுந்தைக் கெடாமல் காப்பதும் வருமானம்தான், அதற்கு ஒருவரின் முதுகிலும் கூடுதல் பாரம் ஏற வேண்டியதில்லை என்பதைக் கணக்கு அவருக்குச் சொல்லும்.

இலாபம் வந்தால் அதில் கொழுந்து எடுத்தவர்களுக்கு என்ன என்ற கேள்வியையும் அதே பக்கத்தில் வையுங்கள். நல்ல கொழுந்தின் விகிதத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவு என்று யோசனை சொல்லலாம். நிறைக்கு மட்டும் பணம் கொடுக்கும் விதியை மாற்றாமல் சாக்கை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் பழையபடி திரும்பிவிடும்.

பலிக்காவிட்டால்?

சித்தியடையலாம். நேர்மையாக அளந்து, ஏன் பலிக்கவில்லை என்று விளக்குகிற அறிக்கையை நல்ல பரீட்சகர் மதிப்பார். புள்ளி எப்படிப் பிரிகிறது என்று கைநூலில் பாருங்கள். பிரச்சினையைக் கண்டறிந்த விதம், முறையியல், கோட்பாட்டைப் பயன்படுத்திய விதம், செய்ததைப் பற்றிய சிந்தனை ஆகியவற்றுக்குப் புள்ளி இருக்கும். இரண்டாவது சாக்கு கொடுத்தும் கொழுந்து சிவந்தால், இடுக்கு சாக்கில் இல்லை, டிரக்டரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டீர்கள். அது தோட்டத்துக்குப் பயன்படும் அறிவு. எண்ணை வளைத்து வெற்றி காட்டினால் அடுத்த வருடம் அந்த எண்ணை நம்பி யாரோ பணம் செலவழிப்பார்கள். பணம் கொடுத்து அறிக்கை எழுதி வாங்கும் வழியும் சிலருக்குச் சுலபமாகத் தெரிகிறது. அதில் பட்டம் கிடைக்கலாம், ஆனால் உங்கள் மடுவத்தைப் பற்றி உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் யாரும் இல்லை.

நாட்குறிப்பு ஒன்று வைத்திருங்கள். அன்றன்று என்ன நினைத்தீர்கள், யார் சொன்னது உங்கள் எண்ணத்தை மாற்றியது என்று மாலையில் பத்து வரி எழுதுங்கள். அறிக்கையின் கடைசி அத்தியாயம் அதிலிருந்துதான் வரும்.

தம்பி, லயத்தில் பிறந்து படித்து முகாமையாளர் நாற்காலிக்கு வந்தவர்கள் மலையகத்தில் இன்னும் குறைவு. இந்தத் தோட்டங்களில் பல வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையில் இருந்தன. 1972-லும் 1975-லும் அரசுடைமையாகி, 1992-இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு முறையும் தோட்டத்தைப் பற்றி அறிக்கைகள் எழுதப்பட்டன. கொழுந்து எடுக்கிறவர்களின் அறிவை ஆதாரமாக மதித்து எழுதப்பட்டவை அவற்றில் மிகக் குறைவு. உங்களால் அது முடியும். ஆங்கிலத்தில் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையோடு, தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். என்ன கேட்டோம், என்ன கண்டோம், என்ன மாறியது, என்ன மாறவில்லை, யார் சொன்ன யோசனை பலித்தது என்று அதில் இருக்கட்டும். சம்மதம் தந்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி கூறி, பெரட்டுக்களத்தில் வாசியுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துவார்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை போதும்: கைநூலை வாசிப்பது, ஒரு சாக்கை நிரையிலிருந்து தொட்டிவரை பின்தொடர்வது, பெரிய துரைக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதுவது. முன்மொழிவை அதற்குப் பிறகு எழுதுங்கள். அளந்த புத்தகத்தைப் பட்டம் வாங்கியதும் பெட்டியில் பூட்டிவிடாமல் டிவிசன் அலுவலகத்தில் வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிற உத்தியோகத்தர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்.